ஊருக்குத் திரும்பிய பிறகும் நண்பர்கள் ஏன் கிடைக்கவில்லை?

கேள்வி கேட்ட தம்பி சொன்னதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 11 வருஷம் குவைத்தில் வேலை பார்த்துவிட்டு, தக்கலை பக்கம் சொந்த ஊருக்குத் திரும்பி வந்து 8 மாதம் ஆகிறது. கூடப் படித்தவர்களில் நான்கைந்து பேர் ஊரிலேயேதான் இருக்கிறார்கள். வழியில் பார்த்தால் வண்டியை நிறுத்திப் பேசுகிறார்கள், "ஒரு நாள் உக்காந்து பேசணும்டே" என்கிறார்கள், வாட்ஸ்அப் குழுவிலும் அதையே எழுதுகிறார்கள், ஆனால் அந்த ஒரு நாள் மட்டும் வரவே இல்லை. குவைத்தில் ஒரே அறையில் இருந்தவர்களோ எங்கெங்கோ ஊர்க்காரர்கள், இருந்தும் உயிருக்குயிராகப் பழகினார்கள். இது போக, காலையில் நடக்கப் போகலாம் என்று மே மாதக் கடைசியில் ஆரம்பித்தது 10 நாளில் நின்றுபோய்விட்டது. "எனக்கு ஒழுக்கம் போதவில்லையா, இல்லை இவர்கள் மாறிவிட்டார்களா?" என்று கேட்கிறார்.

தம்பி, உங்கள் ஒழுக்கத்திலும் குறை தெரியவில்லை, அவர்கள் மனசும் மாறியதாகத் தெரியவில்லை. நடைப்பயிற்சி நின்றது, நண்பர்கள் கூடாதது என்று இரண்டு பிரச்சினையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது ஒன்றாகத்தான் தெரிகிறது. கல்லூரியில் 26 வருஷம் உளவியல் நடத்தியிருக்கிறேன். அதற்கு முன்னால் நான் குலசேகரம் பக்கத்தில் ரப்பர் வெட்டுகிறவரின் மகன். இந்த விஷயத்தில் பாடப் புத்தகத்தைவிட அப்பாவின் தோட்டம்தான் எனக்கு அதிகம் சொல்லிக் கொடுத்தது, அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ரப்பர் மரத்தை விடியுமுன் வெட்ட வேண்டும். ராத்திரிக் குளிர்ச்சியில் பட்டைக்குள் இருக்கிற பால் குழாய்களில் அழுத்தம் கூடுதலாக இருக்கும், வெயில் ஏறி இலைகள் நீரை இழுக்க ஆரம்பித்தால் அது குறைந்துவிடும், பாலும் குறையும். அதனால் அப்பா மூன்றரை மணிக்கு எழுந்து நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்புவார். ஒவ்வொரு மரத்திலும் முந்தின வெட்டில் காய்ந்து கிடக்கிற ஒட்டுப்பாலை ஓர் இழுப்பில் உரித்துக் கூடையில் போடுவார், கத்தியைச் சரிவாக வைத்து மேல்பட்டையை ஒரு சீவல், பால் துளிர்த்து அந்தக் கோட்டு வழியே இறங்கித் தகரத் துண்டில் வழிந்து சிரட்டையில் விழும், அவர் அதற்குள் அடுத்த மரத்தில் இருப்பார். இப்படி முந்நூறு மரத்துக்கு மேல். கத்தி ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், பிறகு அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். ஆழம் போதாவிட்டால் பால் வராது. இடையில் இருப்பது ஒரு மில்லிமீட்டர் கணக்கு. அதை அரை இருட்டில், பக்கத்துத் தோட்டத்துக்காரரோடு சத்தமாகப் பேசிக்கொண்டே செய்வார். ஒருமுறை "எப்படிப்பா ஆழம் தெரியுது, எனக்கும் சொல்லித் தாங்க" என்று கேட்டேன். எனக்காக மெதுவாக, யோசித்து யோசித்துச் செய்து காட்டினார். அன்றைக்கு அந்த ஒரு மரத்தில்தான் கத்தி உள்ளே இறங்கிவிட்டது. "நீ கேக்காண்டாம், பாத்துக்க போதும்" என்றார்.

பழக்கம் என்பது அதுதான். யோசிக்கிற வேலையை மூளை கைக்குக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. வெண்டி வுட் என்ற அமெரிக்க உளவியலாளர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களை மணிக்கு ஒரு தடவை அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள், மனசில் என்ன ஓடுகிறது என்று எழுத வைத்தார். அவர்கள் செய்தவற்றில் சுமார் 43 சதவீதம் ஏறக்குறைய தினமும் அதே இடத்தில் செய்கிற காரியங்கள், அவற்றைச் செய்யும்போது மனசு பெரும்பாலும் வேறெங்கோ இருந்தது. ஒரு நாளில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு! அந்தப் பாதியை நாம் முடிவெடுத்து நடத்துவதில்லை. இடமும் நேரமும் நடத்துகின்றன.

இனி உங்கள் நண்பர்கள் விஷயத்துக்கு வருகிறேன். வெட்டி முடித்தால் வேலை முடிந்ததாகாது. பால் இரண்டு மூன்று மணி நேரம் சொட்டும், அது நின்ற பிறகுதான் சிரட்டை சிரட்டையாக எடுத்து வாளியில் ஊற்ற முடியும். அந்த இடைவேளையில் சுற்றுவட்டாரத்தில் வெட்டுகிற அத்தனை பேரும் முக்கில் இருந்த சாயாக்கடைக்கு வருவார்கள். கட்டன்சாயா, சில நாள் மரச்சீனிக்கிழங்கு, மீன் குழம்பு மிச்சம் இருந்தால் அது. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. "நாளைக்கு வாறியா" என்று அங்கே ஒருவர் கேட்டு நான் பார்த்ததில்லை. மரம் சொட்டுகிற நேரம் அவர்களைக் கொண்டுவந்து உட்கார வைத்தது, அவ்வளவுதான். அந்த ஆறேழு பேர்தான் எங்கள் வீடு ஓடு மாற்றும்போது வந்து நின்றார்கள், அக்கா கல்யாணத்துக்குக் கடன் பிடித்துத் தந்தார்கள், அப்பாவைக் கடைசியில் தூக்கியவர்களும் அவர்களே. அவர்களில் இரண்டு பேருக்கு அப்பாவோடு அரசியலிலும் ஒத்துப்போகாது, சபையிலும் ஒத்துப்போகாது. குணம் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தால் அவர்கள் நண்பர்களாகவே ஆகியிருக்க மாட்டார்கள்.

தமிழில் இதற்கு ஒரே சொல் இருப்பதை நான் வகுப்பில் ஒவ்வொரு வருஷமும் சொல்வேன். காலையில் பல் தேய்ப்பதும் பழக்கம், ஒருவரைத் தெரிந்திருப்பதும் பழக்கம். "அவரு எனக்கு நல்ல பழக்கம்" என்கிறோம். வண்டி ஓட்டப் பழகுகிறோம், மனுஷரோடும் பழகுகிறோம். சித்திரமும் கைப்பழக்கம் என்று தொடங்குகிற ஔவையார் பாடல் எல்லோருக்கும் தெரியும். அது செந்தமிழ், கல்வி, நடை என்று ஒவ்வொன்றையும் பழக்கத்தின் கணக்கில் எழுதிவிட்டு, கடைசி அடியில் நட்பையும் தயையையும் கொடையையும் மட்டும் பிறவிக்குணம் என்று தனியாக எடுத்து வைத்துவிடுகிறது. தயைக்கும் கொடைக்கும் அது சரியாக இருக்கலாம், அந்த வாதத்துக்கு நான் வரவில்லை. நட்பை மட்டும் என்னால் அந்தப் பக்கம் விட முடியவில்லை. நான் பார்த்த நட்பெல்லாம் கைப்பழக்கம் மாதிரியே வளர்ந்தது, கைப்பழக்கம் மாதிரியே விட்டும் போனது.

இதற்கு ஒரு கணக்கும் இருக்கிறது. கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். புதிதாக ஊர் மாறியவர்களையும் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர்களையும் எடுத்துக்கொண்டு, யாரோடு எத்தனை மணி நேரம் கழித்தார்கள், உறவு எந்த அளவுக்கு நெருங்கியது என்று பார்த்தார். தெரிந்தவர் என்ற நிலையிலிருந்து சாதாரண நண்பர் ஆக சுமார் 50 மணி நேரம், நண்பர் என்று சொல்ல 90, நெருங்கிய நண்பர் ஆக 200 மணி நேரத்துக்கு மேல் என்று அவருக்கு வந்தது. இந்த எண்களை இஞ்ச் டேப் மாதிரி பிடித்துக்கொள்ள வேண்டாம், அமெரிக்கர்களிடம் எடுத்த கணக்கு, ஆனாலும் உங்கள் நிலைமைக்கு வைத்துப் பாருங்கள். குவைத் அறையில் ராத்திரி சமையல், சாப்பாடு, பேச்சு என்று தினமும் நாலு மணி நேரம் என்றால் 50 நாளில் 200 மணி ஆகிவிடுகிறது. இங்கே "ஒரு நாள் உக்காரணும்" என்கிறவர்களோடு வருஷத்துக்கு மூன்று தடவை, தடவைக்கு இரண்டு மணி நேரம் கூடினாலும் வருஷத்துக்கு 6 மணி. அதே 200 மணிக்கு 33 வருஷம் ஆகும். பள்ளிக்கூடத்து நெருக்கம் அப்படியே இருக்கும், அதன் மேல் ஏறி நின்றுகொள்ளலாம் என்று நினைத்து வந்தீர்கள், அது நியாயமான எதிர்பார்ப்புதான். ஆனால் அந்த நெருக்கத்தை உண்டாக்கியது ஒரே பெஞ்சும் ஒரே பஸ்ஸும் சாயங்காலம் ஒரே மைதானமும். அந்த மூன்றும் இப்போது இல்லை.

பக்கத்தில் இருப்பது மட்டுமே எவ்வளவு வேலை செய்யும் என்பதற்கு, மோர்லாந்து, பீச் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1992இல் வெளியிட்ட ஒரு சோதனையைச் சொல்கிறேன். பார்க்க ஒரே மாதிரித் தெரிகிற நான்கு பெண்களை ஒரு கல்லூரி வகுப்புக்கு அனுப்பினார்கள். ஒருவர் போகவே இல்லை, ஒருவர் 5 நாள், ஒருவர் 10, ஒருவர் 15. யாரோடும் பேசக்கூடாது. பருவம் முடிந்ததும் மாணவர்களிடம் புகைப்படங்களைக் காட்டிக் கேட்டால், அதிக நாள் வந்தவரைத்தான் அதிகம் பிடித்திருந்தது. ஒரு வார்த்தை பேசாமல்!

என் அம்மா அண்டி ஆபீசில் வேலை பார்த்தவர். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், முந்திரி ஆலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அண்டி உடைக்கிற இடத்தில் வரிசையாக உட்கார வேண்டும், தோட்டில், அதாவது ஓட்டில் இருக்கிற எண்ணெய் பட்டால் கை வெந்துபோகும் என்று சாம்பலைப் பூசிக்கொள்வார்கள், அப்படியும் விரல் நுனி கறுத்தேதான் இருக்கும். அம்மாவுக்கு இடப்பக்கம் உட்கார்ந்த அக்காவும் வலப்பக்கம் உட்கார்ந்த அக்காவும் 19 வருஷம் அதே இடம். ஆலையை மூடினார்கள். மூடிய வருஷம் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை, சம்பளம் போனதுதான் காரணம் என்று நாங்கள் நினைத்தோம். பிறகுதான் அந்த மூன்று பேரும் செவ்வாய்க்கிழமை அந்தோணியார் நவநாளுக்குச் சேர்ந்து போக ஆரம்பித்தார்கள், மூன்று பேரும் மூன்று பஸ் பிடித்து வந்து கோயில் படியில் காத்திருந்து ஒன்றாக உள்ளே போவார்கள், முடிந்ததும் ஒரு மணி நேரம் பேச்சு. அம்மாவுக்கு முகம் தெளிந்தது. வேலை போனாலும் கிழமை ஒன்றைப் பிடித்துக்கொண்டார்கள். யாரும் சொல்லிக் கொடுக்காமல் இதைச் செய்தார்களே என்று எனக்கு இன்றைக்கும் மலைப்பாகத்தான் இருக்கிறது.

நம் மாவட்டத்துக்கு இது புதிதும் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் அய்யா வைகுண்டரைப் பின்பற்றியவர்கள் கன்னியாகுமரி பக்கம் வாகைப்பதியில் துவையல் பந்தி என்று குடும்பம் குடும்பமாகக் கூடி இருந்தார்கள். ஒரே நேரத்தில் கடலில் குளிப்பு, துணி துவைப்பு, வழிபாடு, ஒரே பந்தியில் சாப்பாடு. தோளில் துண்டு போடவும் உரிமை மறுக்கப்பட்டிருந்த மக்கள் அவர்கள். போதனை பெரிது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, ஆனால் அந்தப் போதனை உடம்பில் இறங்கியது அந்த அன்றாட ஒழுங்கு வழியாகத்தான் என்று நான் நம்புகிறேன்.

சரி, நடைப்பயிற்சி ஏன் நின்றது? மே கடைசியில் ஆரம்பித்தீர்கள், 10 நாளில் ஜூன் வந்துவிட்டது, இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, பிடித்துக்கொண்டிருக்கும். குவைத்தில் மழையைக் கணக்கில் எடுக்க வேண்டிய தேவையே உங்களுக்கு இருந்திருக்காது. நமக்கோ ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொன்று. ரப்பர்க்காரர்கள் இதற்காகவே மழைக்கு முன்னால் வெட்டுப் பட்டைக்கு மேலே பிளாஸ்டிக்கைச் சுற்றி ஒட்டி ரெயின் கார்டு போடுவார்கள், போடாத தோட்டத்தில் மழைக்காலம் முழுக்க வெட்டு நின்றுபோகும். நீங்கள் ரெயின் கார்டு போடாமல் ஆரம்பித்திருக்கிறீர்கள். மழை நாளில் எங்கே நடப்பது என்று முன்கூட்டியே ஓர் இடம் வைத்திருக்க வேண்டும், வீட்டு மொட்டை மாடியில் ஷீட் போட்டிருந்தால் அதுவும் போதும்.

அப்புறம், 21 நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்கிற அந்தக் கதையை மறந்துவிடுங்கள். அது மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர் 1960இல் எழுதியது, அறுவைக்குப் பிறகு புது முகத்துக்குப் பழக ஆட்களுக்குக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று அவர் கண்டதை ஊர் உலகம் எல்லாப் பழக்கத்துக்கும் நீட்டிவிட்டது. லண்டனில் ஃபிலிப்பா லாலியும் கூட இருந்தவர்களும் 96 பேரை 84 நாள் தொடர்ந்து பார்த்தார்கள். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் என்று ஏதாவது ஒன்றோடு சேர்த்து ஒரு புதுக் காரியத்தை அவர்கள் தினமும் செய்ய வேண்டும். அது தானாக நடக்கிற நிலைக்கு வர நடுவாக 66 நாள் ஆனது, ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை என்று மதிப்பிட்டார்கள். எனக்குப் பிடித்த முடிவு வேறொன்று: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய நஷ்டம் ஒன்றும் வரவில்லை. 10 நாளில் நின்றதைத் தோல்வி என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அந்த 66 நாளில் கால்வாசி தூரம்கூடப் போகவில்லை.

இனி என்ன செய்யலாம் என்று என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் தப்பை நானும் செய்தேன். குலசேகரத்தில் எனக்கு ஒரு நண்பன், தினமும் சாயங்காலம் ஷட்டில் விளையாடுவோம், பதினான்கு வருஷம். வேலைக்காக நான் நாகர்கோவிலுக்கு வீடு மாறினேன். முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான், பஸ் ஏறினால் போய்விடலாம். சண்டை இல்லை, மனஸ்தாபம் இல்லை, மூன்று வருஷம் நாங்கள் ஒரு தடவைகூட உட்கார்ந்து பேசவில்லை. ஒரு துஷ்டி வீட்டில், சாவுக்குப் போன இடத்தில், பார்த்தோம். அவன் அப்பாவுக்கு பைபாஸ் ஆபரேஷன் நடந்ததே எனக்குத் தெரியவில்லை, என் மகள் கல்லூரியில் சேர்ந்தது அவனுக்குத் தெரியவில்லை. பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை. அன்றைக்கு அவன்தான் சொன்னான், "மாசத்துல ரெண்டாவது ஞாயிறு பூசை முடிஞ்சி நீ இங்க வா, நான் வேற எங்கயும் போக மாட்டேன்" என்று. முதல் மூன்று நான்கு தடவை ரொம்பச் சங்கடம், விலைவாசியும் ரோடும் பேசிவிட்டுத் திரும்பினேன். ஐந்தாவது மாதமோ ஆறாவது மாதமோ, அவன் தம்பியோடு உள்ள சொத்துத் தகராறைத் தானாகச் சொன்னான். இப்போது எட்டு வருஷம் ஆகிறது.

அதனால், குழுவில் "எப்ப மீட் பண்ணலாம்" என்று இனிமேல் கேட்காதீர்கள். ஐந்து பேருக்கும் வசதியான நாள் என்று ஒன்று கிடையாது, தேடத் தேட ஆளுக்கொரு காரணம் வரும். ஒரு கிழமை, ஒரு நேரம், கூரை உள்ள ஒரு கடை என்று நீங்களே முடிவு செய்யுங்கள். "வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு நான் இந்தக் கடையில் இருப்பேன், வந்தா பார்ப்போம்" என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு, யார் வந்தாலும் வராவிட்டாலும் நீங்கள் போங்கள். முதல் சில வாரம் ரசவடையும் நீங்களும் மட்டும்தான் இருப்பீர்கள், அதற்குத் தயாராக இருங்கள். ஆட்களுக்கு உங்கள் மேல் அன்பு இல்லாததால் இல்லை, அவர்கள் வியாழக்கிழமைக்கு ஏற்கெனவே வேறு ஒரு பழக்கம் இருக்கிறது, மகளை டியூஷனில் விடுவதோ வேறு எதுவோ. முடிந்தால் அதையே பிடியுங்கள். ஒருவன் மகளை டியூஷனில் விட்டுவிட்டு ஒரு மணி நேரம் வண்டியில் உட்கார்ந்து போனைப் பார்க்கிறான் என்றால், அந்த ஒரு மணி நேரம்தான் மரம் சொட்டுகிற நேரம், அந்த முக்கில் போய் நில்லுங்கள். நடைப்பயிற்சியையும் இதோடு சேர்த்துவிடலாம். பத்மநாபபுரம் கோட்டைக்குள் தெருவில் காலையில் ஒருவனோடு நடந்தால், மூடிப் படுக்கத் தோன்றுகிற நாளிலும் அவன் காத்து நிற்பானே என்று எழுந்துவிடுவீர்கள். தினமும் அரை மணி நேரம் என்றால் 400 நாளில் அந்த 200 மணி வந்துவிடும்.

ஒன்றை மட்டும் கவனமாகப் பாருங்கள். கூடுகிற நேரத்தில் கையில் என்ன இருக்கிறதோ அதுவும் சேர்ந்தே பழகிவிடும். எனக்குத் தெரிந்த ஒருவர், நல்ல மனுஷன், குடியை விட மூன்று தடவை முயன்று முடியவில்லை. அவர் குறை என்று வீட்டில் எல்லோரும் திட்டினார்கள். வேலை முடிந்து இறங்குகிற நிறுத்தத்தில் அதே ஆறு பேர் அதே நேரத்தில் நிற்பார்கள், அங்கே இறங்கினால் கால் தானாக மதுக்கடைக்குப் போய்விடும். நான்காவது தடவை இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்து வீட்டுக்குப் போனார், அதில்தான் விட்டார். அந்த ஆறு பேரில் இரண்டு பேர் தேடிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள், மற்ற நான்கு பேர் வரவில்லை. அது அவருக்கு மிகவும் வலித்தது. தம்பி, உங்கள் பழைய கூட்டாளிகள் கூடுகிற ஒரே இடம் அதுவாக இருந்தால், அங்கே போய் உட்காராதீர்கள், வேறு கடை வேறு நேரம் பாருங்கள்.

கடைசியில், குவைத் அறை நண்பர்களும் கை நழுவிவிடுவார்களோ என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். தினமும் குட் மார்னிங் படம் அனுப்பிக்கொண்டிருந்தால் நழுவத்தான் செய்வார்கள். அங்கே வெள்ளிக்கிழமை லீவு, அறையில் பெரிய சமையல் நடக்கும் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். அந்த நேரம் அவர்களிடம் இன்னும் மாறவில்லை, அதில் நீங்கள் உட்கார்ந்திருந்த இடம் மட்டும்தான் காலி. அவர்கள் காலை 11 மணிக்கு வெங்காயம் நறுக்க உட்கார்ந்தால் இங்கே மதியம் ஒன்றரை. சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து வீடியோ காலில் கூப்பிடுங்கள், போனை அடுப்புப் பக்கம் சாய்த்து வைக்கச் சொல்லுங்கள், விசேஷமாகப் பேச எதுவும் வேண்டாம், அவர்கள் சமைக்கட்டும், நீங்கள் சாப்பிடுங்கள். வருகிற வெள்ளிக்கிழமையே ஆரம்பித்துவிடுங்கள்.